காமன் பொட்டலுக்கு வந்த தண்ணீர்

போன சித்திரையில் எங்கள் ஏரி நிரம்பிவிட்டது. சும்மா இல்லை, படகுத்துறைப் பலகை முழுக்கத் தண்ணீருக்குள் போய், டிக்கெட் கொடுக்கிற கொட்டிலுக்குள் தவளை கத்தியது. சீசன் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த சனம் கரையில் நின்று நாலு போட்டோ பிடித்துக்கொண்டு நுவரெலியாவுக்குத் திரும்பிப் போனது. மிதி படகுகளைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்கள். படகு விடுகிறவர்களுக்கு வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் பிழைப்பு. அவர்கள் மடைக்காரன் சிவராஜைப் பிடித்து ஏசு ஏசு என்று ஏசியிருக்கிறார்கள். அவன் நேரே என்னிடம் வந்தான்.

"மாமா, நீங்க மடை பாத்த காலத்துல இப்பிடி ஏறியிருக்கா? ஏறினா என்னா செய்வீங்க?"

சிவராஜ் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், விவரமான ஆள். அவன் கையில் இருப்பது இரும்புக் கதவு. சக்கரத்தை இந்தப் பக்கம் சுற்றினால் ஏறும், அந்தப் பக்கம் சுற்றினால் இறங்கும். அவன் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. ஏரி ஏறினால் மனுசர் சந்தோஷமாக இருக்கிற இடம் போய்விடும் என்று இப்போதுதான் எல்லோருக்கும் தெரிகிறதாம். எங்கள் சந்தோஷத்தின் மேல் இதே ஏரி ஏறி உட்கார்ந்தபோது எந்த மகராசன் வந்து கேட்டான்? அவனிடம் வாயால்தான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். ஏரியை நாங்கள் கிளப்பு ஏரி என்போம். சுற்று வட்டாரத்துத் தோட்டத் துரைமார் சேர்ந்து வைத்திருந்த கிளப்பு அதன் கீழ்க்கரையில் இருந்தது. ஓடையை மறித்து அணை கட்டி, படகு விடுவதற்கென்றே உண்டாக்கின ஏரி அது. வெள்ளைக்காரன் கொடியை இறக்கின நாற்பத்தெட்டாம் வருஷம், மடை பார்த்துக்கொண்டிருந்தவர் காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டார். கவ்வாத்துக் கத்தியோடு தேயிலை வெட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு அங்கே விட்டார்கள். நான் கேட்டுப் போன வேலை இல்லை. ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம் பழகினேன். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலைதான்.

வேலை இதுதான். அணையின் நடுவில் இரண்டு கருங்கல் தூண். தூண் இரண்டிலும் மேலிருந்து கீழே காடி வெட்டியிருக்கும். அந்தக் காடிக்குள் பலகையை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்க வேண்டும். ஒவ்வொரு பலகையும் ஒரு ஆள் நீளத்துக்கு மேல். இரண்டு முனையிலும் இரும்பு வளையம் இருக்கும். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் கொக்கியில் மாட்டி, இரண்டு பேரும் ஒரே மூச்சில் இறக்க வேண்டும். ஒருவன் முந்தினால் பலகை கோணி மாட்டிக்கொள்ளும். இறக்கின பிறகு இடுக்கில் புற்று மண்ணும் சாணமும் குழைத்து அப்பி, சாக்குத் துணியை ஆப்பால் அடித்து இறுக்க வேண்டும். மழைக்காலத்தில் பலகைகளைக் கழற்றிவிடுவோம். இல்லாவிட்டால் அணையே போய்விடும். தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுவோம். கடைசியாகப் போடுகிற பலகைக்குத் தலைப் பலகை என்று பேர். அதைப் போட்டால்தான் துரைமாரின் ஈஸ்டர் படகுப் போட்டிக்கு வேண்டிய தண்ணீர் நிற்கும்.

அதைப் போட்டால் இன்னொன்றும் நடக்கும், எங்கள் இடம் தண்ணீருக்குள் போகும். ஏரியின் மேல்முனையில் ஓடை வந்து சேருகிற இடத்தில் ஒரு சமதரை இருந்தது. மலையில் சமதரை என்பது என்ன பெறுமதி என்று மலையில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். தேயிலை நட முடியாத சதுப்பு என்பதால் அதை எங்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள். தை, மாசியில் தண்ணீர் பின்வாங்கினதும் அது காய்ந்து புல் முளைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பொடியன்மார் பந்தடிப்பார்கள், பொம்பளைகள் கம்பளி துவைத்துக் காயப்போட்டுவிட்டு அங்கேயே பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வருஷம் பூராவும் லயத்து வரிசை வீட்டுப் புகையிலும் ஈரத்திலும் கிடக்கிற சனத்துக்கு வெயில் காய ஒரு இடம். துரைமாருக்குச் சீசன் சித்திரையில் என்றால் எங்களுக்குச் சீசன் மாசியில். அங்கேதான் காமன் கூத்தும் நடக்கும். அதனால் அதற்குக் காமன் பொட்டல் என்று பேர்.

கூத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை அன்று பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமி வரைக்கும் தப்பு அடித்து, பாட்டுப் பாடி, மதனும் ரதியும் ஆடுவார்கள். இரண்டு வேஷமும் ஆம்பளைகள்தான். பௌர்ணமிக்குச் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரித்துவிடுவார், கம்பத்துக்குத் தீ வைப்பார்கள். ரதி வெள்ளைச் சேலை கட்டி அழுவாள். மூன்றாம் நாள் அதே சாம்பலின் மேல் மதன் வேஷக்காரன் படுத்து, மேலே வெள்ளைத் துணி போர்த்தி, பால் தெளித்துப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் ரதி தொடுவாள், மதன் எழுந்திரிப்பான். அதுவரைக்கும் கையில் கட்டின காப்பைக் கழற்ற முடியாது. ஊன்றின கம்பத்தை இடம் மாற்றவும் முடியாது. எரிந்த இடத்தில்தான் எழுந்திரிக்க வேண்டும்.

இதில் எங்கள் ஏரிக்கும் கூத்துக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. காமன் எழுந்த பிறகுதான் தலைப் பலகை. யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை. அதைக் காப்பாற்றி வந்தவர் ஆபிரகாம் ஐயா.

ஆபிரகாம் ஐயா கிளப்பின் கிளாக்கர், படகும் ஏரியும் அவர் பொறுப்பு, எனக்கு மேலதிகாரி. வேதக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கண்ணாடி மாதிரி மினுங்குகிற கறுப்புச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தில் சேறு பட அவர் விடமாட்டார். அணையில் கல் மேல் கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார், கொக்கு நடக்கிற மாதிரி. எந்த வேலை சொல்வதென்றாலும் முதலில் வீட்டு விசாரணைதான். "முத்தையா, அம்மாவுக்கு முழங்கால் எப்பிடி இருக்கு? தேத்தண்ணி குடிச்சியா?" அதற்குப் பிறகுதான் வேலை. பலகை இறக்கி மண் அப்பின பிறகு கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். எங்கேயாவது கீச்சென்று தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டால், ஏசமாட்டார். தடியை அந்த இடத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் திரும்ப அப்ப வேண்டும். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் வேலையை ஒழுங்காகச் செய்தேன். நல்ல மனுசன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் கோபமாக எழுதினாலும் இது மாறாது.

மாசி பிறந்தால் அவர் என்னிடம் கேட்பார்: "என்னப்பா, ஒங்க சாமி எந்திரிச்சிட்டாரா?" நான் "எந்திரிச்சிட்டார் ஐயா" என்றால், "அப்ப தலைப் பலகைய எறக்கு" என்பார். அவ்வளவுதான். கிளப்புத் துரைமாருக்கு இது தெரியாது. ஈஸ்டருக்குத் தண்ணீர் நின்றால் சரி, என்றைக்குப் பலகை போட்டான் என்று எவர் பார்த்தார்? ஒருவரும் வாய் திறக்காததால் அந்த ஏற்பாடு வருஷக்கணக்கில் நின்றது. பிறகு வாய் திறந்து சொல்ல வேண்டிய நாள் வந்தது.

இப்போது என் தங்கச்சி பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைக் கவ்வாத்துக்காரன் வேலாயுதத்துக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். என்னோடு ஒரே வரிசையில் தேயிலை வெட்டினவன், எனக்குக் கூட்டாளி, பிறகு மச்சான். முதல் பிள்ளை பிறந்தபோதே மூச்சு இல்லை. இரண்டாவது, முகம் பார்த்துச் சிரிக்கிற வயதில் வயிற்றோட்டத்தில் போய்விட்டது. பாக்கியம் அதற்குப் பிறகு கொழுந்து பறிக்கிற மலையிலே யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள். கூத்து வாத்தியார் மருதமுத்துதான் சொன்னார், வேலாயுதம் மூன்று வருஷம் தொடர்ந்து மதனுக்குக் காப்புக் கட்டட்டும், தொட்டில் ஆடும் என்று. வேலாயுதத்துக்கு ஆடவும் வராது, பாடவும் வராது. முதல் வருஷம் அவன் ஆடினதைப் பார்த்துத் தோட்டமே சிரித்தது.

"மச்சான், மதன் அம்பு விடுறானா, மாடு ஓட்டுறானா?" என்று நானே கேட்டேன்.

"நீ சிரி மச்சான். பிள்ள பொறக்கட்டும், அப்ப நான் சிரிக்கிறேன்" என்றான்.

ரதி வேஷம் சுப்பையாவுக்கு. அவனும் கவ்வாத்துக்காரன்தான். பனைமரம் மாதிரி உயரம், கையெல்லாம் காய்ப்பு, ஆனால் தொண்டை மட்டும் ஆண்டவன் கொடுத்தது. ரதி அழுகிற பாட்டை அவன் எடுத்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் சனம் வரும். அதில் கடைசி அடி, ரதி சிவனைப் பார்த்து "என் உயிரைத் திருப்பிக் கொடு" என்று கேட்கிற அடி. அந்த இடத்தில் அவன் குரல் மேலே போகும்போது பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது வருஷம், ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ இருக்கும், வேலாயுதம் காப்புக் கட்டினபோது பாக்கியத்துக்கு வயிற்றில் ஏழு மாதம். சாமி பாதி கொடுத்துவிட்டது, மீதியை நாம் முடிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அவள் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த வருஷம் மாசி அமாவாசை தள்ளி விழுந்தது. மாசி முடிகிற சமயத்தில்தான் கம்பம் ஊன்றினார்கள். கூத்து பங்குனிக்குள் போகும் என்று எங்களுக்குத் தெரியும். கிளப்புக்குத் தெரியாது. கிளப்புக்குப் புதிதாகச் செயலாளராக வந்திருந்த துரை ஒரு நாள் காலையில் அணைக்கு வந்தார். கெட்ட ஆள் இல்லை, என்னைப் பார்த்துக் காலை வணக்கம்கூடச் சொன்னார். தூணைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், ஆபிரகாம் ஐயாவிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார். மேலே ஒரு பலகைக்கு இடம் காலியாக இருக்கிறதே, போட்டிக்கு நாள் நெருங்குகிறதே, ஏன் போடவில்லை என்று கேட்கிறார், அது எனக்கே புரிந்தது.

நான் ஆபிரகாம் ஐயாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லுங்கள் ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூலிக்காரன் சாமி அங்கே நிற்கிறது, எழுந்திரித்த பிறகு போடலாம் என்று சொல்லுங்கள். அவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு "யெஸ் சேர்" என்றார். துரை போன பிறகும் அவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முத்தையா, பலகைய எறக்கு."

"ஐயா, பொட்டல்ல கம்பம் ஊன்டியிருக்கு."

"தெரியும்பா."

அன்றைக்கு அவர் வீட்டு விசாரணை செய்யவில்லை. இறக்கின பிறகு தடியால் தட்டிக் கேட்கவும் இல்லை.

வாத்தியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "ஓடையில தண்ணியே இல்லயே முத்தையா. விரல் விரலா ஏறுற தண்ணி பொட்டலுக்கு எப்ப வரப்போகுது? அதுக்குள்ள காமன் எந்திரிச்சிருவாரு. ஊன்டினத புடுங்கச் சொல்றியா?" நியாயமான பேச்சுத்தான். மழை பெய்யாமல் இருந்திருந்தால் அவர் சொன்னதுதான் நடந்திருக்கும். தண்ணீர் மெல்ல மெல்லத்தான் ஊர்ந்தது. பௌர்ணமி அன்று காமன் எரிந்தபோது கரை கொஞ்சம் தள்ளியே இருந்தது. சுப்பையா அழுதான், சனம் அழுதது, விடிய வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பங்குனியில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. மலையெல்லாம் வெள்ளைச் சாரையாகத் தண்ணீர் ஓடி ஓடையில் விழுந்தது. பொட்டலில் புல் மறைந்தது, பிறகு சாம்பல் மறைந்தது, பிறகு எரிந்து மீந்த கம்பத்தின் கட்டையும் மறைந்தது.

நான் மடைக்கு ஓடினேன். தலைப் பலகையைத் தூக்கிவிட்டால் விடிவதற்குள் வடிந்துவிடும். ஆனால் புதுப் பலகை இல்லை அது, ஊறிப் பருத்துக் காடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கொக்கி போட்டு நாலு பேர் இழுத்தும் அசையவில்லை. தேயிலை ஸ்டோரில் மெஷின் தூக்குகிற சங்கிலிக் கப்பி இருந்தது. அது இருந்தால் தூக்கலாம். அதற்கு மேலே இருந்து உத்தரவு வேண்டும். ஆபிரகாம் ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு கிளப்புக்குப் போனார். திரும்பி வந்தபோது குடை மடக்கியிருந்தது, முழுக்க நனைந்திருந்தார்.

"ஈஸ்டர் வரைக்கும் தொடக்கூடாதாம். இந்தத் தண்ணி போனா திரும்ப சேராதுன்னு சொல்றாரு."

"நீங்க காரணத்த சொன்னீங்களா ஐயா?"

"சொன்னேன். இந்த வாட்டி சொன்னேன்." குடைத் தண்ணீரை உதறினார். "வேற எடத்துல செய்யச் சொல்றாரு. அவருக்கு வெளங்கல."

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. ஆனால் வெயிலும் இல்லை, பனி ஏரிமேல் படுத்திருந்தது. தோட்டமே கரையில் வந்து நின்றது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். வாத்தியாரிடம் கேட்டாள்:

"எந்திரிக்கலைன்னா என்னாங்க ஆகும்?"

வாத்தியார் வேலாயுதத்தின் கையில் இருந்த காப்பைப் பார்த்தார். பாக்கியமும் அதைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலாயுதம் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மச்சான், படகு கெடைக்குமா?"

கிளப்புப் படகில் கூலிக்காரன் ஏறக்கூடாது. துடைக்கலாம், சாயம் அடிக்கலாம், துரைசானி ஏறும்போது ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஏறக்கூடாது. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் படகுக் கொட்டில் பக்கம் போனேன். கதவு பூட்டாமல் திறந்திருந்தது. உள்ளே ஒரு படகில் துடுப்புகள் தயாராகக் கிடந்தன. வெளியே ஈர மண்ணில் சப்பாத்துத் தடம் போயிருந்தது, கல் மேல் கல்லாக இல்லாமல் நேரே சேற்றுக்குள் இறங்கி.

வாத்தியார், வெள்ளைச் சேலையில் சுப்பையா, வேலாயுதம், நான். நாலு பேரும் போனோம். கரையில் தப்பு அடித்தார்கள். பொட்டலுக்கு மேலே வந்ததும் துடுப்பை இறக்கித் துழாவினேன். கம்பத்தின் கட்டை தட்டியது. வேலாயுதம் தண்ணீரில் இறங்கினான். நெஞ்சுக்கு வந்தது. அவன் பல் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

"குனிஞ்சு மண்ணத் தொட்டா போதும்ப்பா. சாமி பொறுத்துக்கும்" என்றார் வாத்தியார்.

"இல்லீங்க. படுத்துத்தான் எந்திரிக்கணும். போன ரெண்டு வருசமும் படுத்துத்தான் எந்திரிச்சேன்."

மூச்சை இழுத்துக்கொண்டு கட்டையைப் பிடித்தபடி கீழே போனான். வாத்தியார் வெள்ளைத் துணியைத் தண்ணீர்மேல் விரித்தார். பாட்டை எடுத்தார். முப்பது வருஷமாக ஒரு அடி விடாமல் பாடின மனுசன், அன்றைக்கு அடிகளைத் தாண்டித் தாண்டிப் பாடினார். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுப்பையா பாலை ஊற்றினான், அது துணியைச் சுற்றி வெள்ளையாகப் பரவியது. அதன் கீழே மச்சான் இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. "போதும் வாத்தியாரே, தொடச் சொல்லுங்க" என்று நான் கத்தினேன். சுப்பையா பாதி உடம்பைப் படகுக்கு வெளியே சாய்த்துத் துணியைத் தொட்டான். வேலாயுதம் துணியோடு எழுந்தான். தலைமுடியிலிருந்து கறுப்புச் சாம்பல் தண்ணீர் வடிந்தது. வலது கையைத் தூக்கிக் கரைக்குக் காட்டினான், கை நிறையச் சாம்பல் மண். கரையில் எழுந்த சத்தம் கிளப்பு வரைக்கும் கேட்டிருக்கும். பாக்கியம் எழுந்து நின்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து மூன்று வருஷமாகியிருந்தது.

காப்பைக் கோயிலில்தான் கழற்ற வேண்டும். அதுவரைக்கும் ஈர வேட்டியை மாற்றக்கூடாது. கோயில் மேட்டுக்கு அந்தப் பனியில் நடந்தே போனான். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான். "பாத்தியா மச்சான், இப்ப நான் சிரிக்கிறேன்" என்றான்.

நாலைந்து நாளில் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். இருமினால் நெஞ்சில் கத்தி இறங்குகிறது என்றான். பிறகு லொறியில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிமோனியா என்றார்கள். ஒரு வாரம் பக்கத்தில் இருந்தேன். கடைசி நாட்களில் அவனுக்கு என்னைத் தெரியவில்லை. ஆனால் கையை மட்டும் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான், மண்ணை அள்ளுகிற மாதிரி. போட்டிக்கு முந்தின வாரம் அதே லொறியில் கொண்டு வந்தோம்.

வயிற்றுப்பிள்ளைக்காரி பிணத்துக்குக் கிட்ட வரக்கூடாது என்று கிழவிகள் தடுத்தார்கள். பாக்கியம் அவர்களைத் தள்ளிவிட்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. கண் காய்ந்துபோய்க் கிடந்தது. கிளப்பில் போட்டிக்காக ஒலிபெருக்கி கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு வரும், நிற்கும், திரும்ப வரும். அது ஏரியைத் தாண்டி லயத்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. சுப்பையா சுவரோரம் நின்றான். அவனைப் பார்த்துத்தான் அவள் முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

"அண்ணே, எனக்கு அழுக வரலண்ணே. ஒங்களுக்குத்தான் தெரியுமே. எனக்காக நீங்க அழுங்க."

சுப்பையா என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ரதியின் பாட்டை எடுத்தான். வேஷம் இல்லை, தப்பு இல்லை. லயம் முழுக்க அடங்கிவிட்டது. அடி அடியாகப் பாடிக்கொண்டே வந்தான். அந்தக் கடைசி அடி வந்தது, உயிரைத் திருப்பிக் கேட்கிற அடி. எல்லோரும் அவன் வாயைப் பார்த்தோம். வாயைத் திறந்தான், குரலை மேலே எடுக்கப் போனான், நிறுத்திவிட்டான். அதைப் பாடவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பாக்கியம் அப்போதுதான் அழுதாள்.

படகுப் போட்டி நடந்தது. நான் துறையில் நின்று படகுகளைப் பிடித்துக் கொடுத்தேன். நல்ல தண்ணீர், இந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் நின்றதில்லை என்று துரைமார் பேசிக்கொண்டார்கள். ஒரு படகின் அடியில் மஞ்சளும் சாம்பலும் ஒட்டியிருப்பதைச் செயலாளர் துரை பார்த்துவிட்டு யார் எடுத்தது என்று கேட்டபோது, தான்தான் எடுத்ததாக ஆபிரகாம் ஐயா சொன்னார். அடுத்த மாதமே அவர் ஹட்டன் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். போகிற அன்று என் லயத்து வாசலுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, "முத்தையா, அம்மாவுக்கு முழங்கால் எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

வைகாசியில் பாக்கியத்துக்குப் பிள்ளை பிறந்தது. பெண். இன்றைக்கு அவளே மூன்று பிள்ளைக்குத் தாய், அப்பனைப் போலவே ஒரு சிரிப்பு. பொட்டலில் பிறகு கம்பம் ஊன்றவில்லை, கூத்தைக் கோயில் மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இடம் நெருக்கம், ஆட முடியாது. அடுத்த வருஷத்திலிருந்து தலைப் பலகையை மாசி பிறந்ததுமே போடச் சொன்னார்கள். போட்டேன். பந்தடித்த பொடியன்மார் ரோட்டில் அடித்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். சிவராஜ் கேட்டதற்குப் பதில் இதுதான். ஏறினது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பாக்கியம் இப்போதும் வருஷம் தவறாமல் கூத்துக்குப் போவாள். கம்பம் ஊன்றும்போது போவாள், எரிக்கும்போது போவாள், ரதி அழுகிறதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். மூன்றாம் நாள் மட்டும் போகமாட்டாள். வீட்டுக் காம்பராவில் ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பாள். மகள் கூப்பிட்டுப் பார்த்தாள், பேரப்பிள்ளைகள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். போன வருஷம் நானே கேட்டேன், ஏன் பாக்கியம், எல்லாத்தையும் பார்த்துவிட்டு அதை மட்டும் ஏன் விடுகிறாய் என்று. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அவரு எந்திரிச்சத நான் பாத்துட்டேன்ல, அண்ணே. இன்னொருத்தன் எந்திரிக்கிறத எதுக்குப் பாக்கணும்?"